மலையில் நிலம்: வடசென்னைக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வருஷத்தில் பாதி கொல்லிமலையிலும் மீதி தண்டையார்பேட்டையிலுமாக இருக்கிறேன். மேலே மிளகும் காபியும் உள்ள சின்னத் தோட்டம், இரண்டு அறை ஓட்டு வீடு. "நாங்களும் எல்லாத்தையும் வித்துட்டு மலைக்குப் போயிடலாமா?" என்று நம் பக்கத்து ஆட்கள் கேட்டபடி இருப்பதால், கேள்விகளை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டேன்.

அண்ணே, அம்மாவுக்கு வருஷம் முழுக்க வீசிங். எங்க ஏரியா காத்து உங்களுக்கே தெரியும். மலையில வெச்சுக்கிட்டா சரியாகுமா? (மணலி)

காற்றில் வித்தியாசம் நிஜம்தான் தம்பி. கன்டெய்னர் லாரித் தூசு கிடையாது, ராத்திரியில் மூக்கைத் துளைக்கும் வாடை கிடையாது. ஆனால் வீசிங்கைக் கிளப்புவது தூசு மட்டும் இல்லை. குளிர், ஈரம், பூஞ்சை, விறகுப் புகை எல்லாமே கிளப்பும். மேலே இந்த நான்கும் உண்டு. கொல்லிமலையின் மேல்பகுதி ஆயிரம் மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அப்பளம் துவண்டு போகும், ஆணியில் மாட்டிய தோல் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை பூக்கும். தீப்பெட்டியை டம்ளரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தால்தான் மறுநாள் பற்றும்.

அதனால் மே மாதம் கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, கார்த்திகையில் ஒரு மாதம் வாடகை வீட்டில் வைத்துப் பாருங்கள். இன்ஹேலர் கையில் கூடுதலாக இருக்கட்டும்.

சார், நிலம் பார்த்தாச்சு. பட்டா இருக்கு, வில்லங்கமும் சுத்தம்னு புரோக்கர் சொல்றார். வேற என்ன பார்க்கணும்? (ராயபுரம்)

மலை நிலத்தில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் ஆரம்பம்தான். அந்தப் பட்டா எப்படி வந்தது என்று போய்ப் பாருங்கள். அரசு ஒப்படை செய்த, அதாவது ஒதுக்கிக் கொடுத்த நிலம் என்றால் நிபந்தனை இருக்கும். அதை மீறி வாங்கினால் ஒப்படையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். வன உரிமைச் சட்டம் 2006இன் கீழ் பழங்குடியினருக்குக் கொடுத்த உரிமை என்றால் பேச்சே கிடையாது. அது வாரிசுக்குப் போகும், யாருக்கும் விற்க முடியாது. கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது மூன்றிலும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அதிகம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

அடுத்தது, அரசு 'தனியார் காடு' என்று அறிவித்த நிலமா என்பது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்கவே முன் அனுமதி வேண்டும். மரத்துக்கும் 1955இல் இருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் உங்கள் பட்டா நிலத்து மரத்தையும் நீங்களாக வெட்ட முடியாது. வீடு கட்டுவதானால் கிராமம் 'ஹாகா' பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹாகா என்பது மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990இல் வந்தது. பட்டியலில் இருந்தால் பஞ்சாயத்து பிளான் மட்டும் போதாது.

இதையெல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். அவர் பார்க்காத ஒன்று இருக்கிறது: பாதை. புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தார் ரோட்டில் இருந்து நிலம் வரை நடந்து பாருங்கள். கண்ணுக்கு ஜீப் போகிற பாதை தெரியும், படத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. நடுவில் உள்ளவர் நல்ல மனுஷர், இத்தனை நாளாக விட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர் பிள்ளை வேலி போட்டால் உங்கள் நிலம் அந்தரத்தில். பாதை உரிமை பத்திரத்தில் ஏறாத நிலத்தை, ஓசியில் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மேல மீன் கிடைக்குமா அண்ணாத்த? (காசிமேடு)

கிடைக்கும். கட்லாவும் ஜிலேபியும் ஐஸில் ஏறி வரும். வஞ்சிரம், வவ்வால் எல்லாம் மறந்துவிடு. கருவாடு கொண்டு போனால் காற்றுப் புகாத டப்பாவில் போடு, மழை நாளில் நாலே நாளில் பூத்துவிடும்.

நீங்க வருஷா வருஷம் தண்ணிக்கு என்ன பண்றீங்க? போர் போடலாமா? (வியாசர்பாடி)

போடலாம், வந்தால் அதிர்ஷ்டம். மேலே இருப்பது நம் பல்லாவரம் மலையில் உள்ள அதே சார்னோகைட் பாறை. விரிசலில் மட்டும்தான் தண்ணீர். உங்கள் போர் காய்ந்து, பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டில் கொட்டும். அதனால் ஊற்று, கிணறு, ஓட்டு மழை என்று மூன்றையும் சேர்த்து யோசியுங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி ஓடு என்பது சுமார் 93 சதுர மீட்டர். வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போக எழுபது எண்பதாயிரம் லிட்டர் பிடிக்கலாம். மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு 450 லிட்டர் என்றால், மழையில்லாத மூன்று மாதத்துக்கு 40,000 லிட்டர் தொட்டி வேண்டும். வீட்டை விடத் தொட்டிக்கு முதலில் செலவு செய்யுங்கள். இங்கே லாரித் தண்ணீருக்கு போன் அடிக்கலாம், அங்கே லாரியே ஏறாது.

ஊற்றைப் பற்றி இன்னொன்று. நிலத்தைச் சித்திரையில் பார்க்க வேண்டும். தை மாதத்தில் எல்லா ஊற்றும் அழகாகத்தான் ஓடும்.

ஐடி வேலை, வீட்டில இருந்தே பார்க்கிறேன். மேல போய் உட்கார்ந்துடலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

சிக்னல் 'இருக்கு' என்பதை நம்பாதீர்கள். எங்கள் தோட்டத்தில் பலா மரத்தடியில் இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை. உங்கள் சிம்மோடு போய், மழை நாளில், மேசை போடப்போகிற இடத்திலேயே வீடியோ கால் பேசிப் பாருங்கள். காற்றடித்து மரம் கம்பியில் விழுந்தால் கரண்ட் ஒரு நாளோ இரண்டு நாளோ வராது. சோலார் நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் கொடுக்கும். மூடுபனி வாரத்தில் லேப்டாப்பும் லைட்டும் ஓடினால் சந்தோஷப்படுங்கள்.

அண்ணா, என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் மலைதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். எனக்கு இஷ்டமே இல்ல. நான்தான் தப்பா யோசிக்கிறேனா? (கொடுங்கையூர்)

இல்லம்மா, சரியாகத்தான் யோசிக்கிறீர்கள். மலைக்கனவு பெரும்பாலும் ஆம்பளைக் கனவு. அதைச் சுமப்பது சமையல்கட்டு. ஆயிரத்து முந்நூறு மீட்டரில் தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. காஸ் சிலிண்டர் ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து தலைச்சுமை. துணி மூன்று நாள் காயாது. விருந்தாளி என்று யார் வந்தாலும் ராத்திரி தங்கித்தான் போவார்கள். இங்கே உங்களுக்குக் கோயில், மார்க்கெட், எதிர்வீட்டு அக்கா, மகள் வீடு எல்லாம் ஷேர் ஆட்டோ தூரம். அங்கே பேச ஆள் வேண்டுமென்றால் இரண்டு மேடு ஏற வேண்டும்.

அவரைத் தனியாக ஒரு ஆடி மாதம் முழுக்க அங்கே சமைத்துச் சாப்பிட்டு, துவைத்து இருக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பேசலாம். அப்போதும் உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் அவர் போய் வரட்டும், நீங்கள் கொடுங்கையூரிலேயே இருங்கள். அப்படி இருக்கும் தம்பதிகள் எனக்குத் தெரிந்து நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

எனக்கு சுகரும் பிபியும் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா? (திருவொற்றியூர்)

மற்ற கேள்விகளை விட இதுதான் எனக்கு முக்கியம். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, காய்ச்சலுக்கும் காயத்துக்கும் போதும். அதற்கு மேல் என்றால் கீழே நாமக்கல். அங்கே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. 108 வந்தாலும் ஏறி இறங்க நேரம் ஆகும். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நம் வீட்டில் இருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் புரியாது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்கள் நிரந்தரமாகத் தனியே தங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பாம்புக்கடிக்கும் இதேதான்: கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கையையோ காலையோ அசைக்காமல் உடனே கிளம்புங்கள். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்பதைக் குடியேறும் அன்றே விசாரித்து வையுங்கள்.

காட்டு மிருகம்? (எண்ணூர்)

மலைக்கு மலை வேறு. கொடைக்கானல் பக்கம் காட்டு மாடு, நீலகிரியில் யானையும் கரடியும் சேர்த்து. ஆள் பயத்தை விடப் பயிர் நஷ்டம்தான் அன்றாடத் தொல்லை. மரவள்ளியைப் பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிடும், பலாவையும் வாழையையும் குரங்கு முடித்துவிடும். மிளகைத் தொடாது, நான் மிளகில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

மிளகு, காபி வெச்சு மாசம் செலவு ஓடுமா? (பெரம்பூர்)

பென்ஷன் இல்லாமல் ஓடாது. மிளகுக்கொடி காய்க்கவே மூன்று வருஷம், நன்றாகக் காய்க்க ஏழெட்டு. நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் முப்பத்துச் சொச்சம் கிலோ. கொடி படரும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறிப் பறிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அதே வாரத்தில் நாலு தோட்டம் கூப்பிடும். பறித்ததைத் தார்ப்பாயில் பரப்பி, மணிக்கொரு தரம் கையால் கிளறி, மேகம் வந்தால் நாலு மூலையையும் இழுத்து மூட வேண்டும். கறுத்துச் சுருங்கி, கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் வரும் வரை இந்த ஓட்டம். வருமானம் என்று பார்க்காமல், செலவைக் கொஞ்சம் குறைக்கிறது என்று பாருங்கள்.

வயநாட்டுக்குப் பிறகு பயமா இருக்கு. (மூலக்கடை)

பயம் நல்லது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு. அதே வருஷம் டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் போனார்கள். ஓடை வாய், மண்ணைச் செங்குத்தாக வெட்டிச் சமன் செய்த மனை, சாய்ந்து வளைந்த மரங்கள் உள்ள சரிவு, இந்த மூன்றிலும் வீடு வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் எங்கே வீடு கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், காரணம் இருக்கும். கோடையில் தீயும் உண்டு. மாசிக்குள் வீட்டைச் சுற்றிச் சருகைக் கூட்டிவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வாங்கினா என்ன? (மாதவரம்)

விலை கேட்டாலே கீழே இறங்கிவிடுவீர்கள். 2024 மே 7இல் இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு.

இவ்வளவு சொல்றீங்களே, அப்ப நீங்க ஏன் போறீங்க? (தண்டையார்பேட்டை)

மே மாதம் ஃபேன் இல்லாமல் போர்வை போர்த்தித் தூங்குகிறேன். முப்பது வருஷம் பட்டறைச் சத்தத்தில் இருந்த காதுக்கு, விடியலில் ஒரு குருவியைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. கைக்கு வேலை இருக்கிறது, யாரும் டைம் ஆபீஸில் நிற்கவில்லை. சாமைச் சோறும் தோட்டத்துக் கீரையுமாகச் சாப்பிட்டதில் என் சுகர் இறங்கியது, இது என் உடம்பின் கதை, மருந்தை விட்டுவிடாதீர்கள். அப்புறம் பக்கத்துக் குடும்பங்கள். முதல் மழையில் ஓடு ஒழுகியபோது கூப்பிடாமலே மூன்று பேர் ஏணியோடு வந்தார்கள். பதிலுக்கு அவர்கள் வீட்டு மோட்டாரை நான் கழற்றி மாட்டிக் கொடுப்பேன். காசு கொடுத்து அங்கே ஆள் பிடிப்பதை விட இது நன்றாக ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு லீவில் வந்து போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வராது.

கடைசியா ஒண்ணு. இங்க வீட்டை வித்துட்டு அங்க போடலாமா? (டோல்கேட்)

வேண்டாம். மலை நிலம் விற்க நினைத்த நாளில் விற்காது, வாங்க ஆள் வர வருஷம் ஆகலாம். டோல்கேட்டில் மெட்ரோ ஸ்டேஷன் வந்தபின் உங்கள் வீட்டுக்கு வாடகை நிற்காமல் வரும். மாடியை வாடகைக்கு விடுங்கள், கீழே ஒரு அறையாவது பூட்டி உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடகையில் மேலே ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு சித்திரையும் ஒரு கார்த்திகையும் இருந்து பாருங்கள். நிலம் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம். சென்ட்ரலில் ரயில் பிடித்து சேலம் வந்து, அங்கிருந்து பஸ். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போய் ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நம் பக்கத்தில் இருந்து அங்கே போவதற்குள்ளேயே பாதிப் பயணம் முடிந்துவிடும்.