ஏற்காட்டில் மழை வந்தாலே நெட் போகிறது, ரவுட்டரை மாற்றவா?

மழை நாளில் வீட்டு ஃபைபர் இணைப்பு விட்டு விட்டு வருகிறது, புது ரவுட்டர் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

நெட் போகும் அந்த நேரத்தில் ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (LOS, சிக்னல் இழப்பு) விளக்கைப் பாருங்கள். சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை. ரவுட்டர் மேல் பழி இல்லை. கண்ணாடி இழைக்குள் போகும் ஒளியை மழை ஒன்றும் செய்யாது. ஆனால் மலையில் கேபிள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்குகிறது. கிளை விழுந்து இழுக்கும், இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். எங்கள் வீட்டில் காரணம் இன்னும் சப்பை: பீரோவைத் தள்ளி வைத்ததில் ஃபைபர் பெட்டிக்கு வரும் மஞ்சள் வயர் மடங்கி நசுங்கிக் கிடந்தது!

லைன்மேன் வந்தால், வந்து சேரும் ஒளியின் பலத்தை பவர் மீட்டர் என்ற கருவியில் அளக்கச் சொல்லுங்கள். அளவு -27 டிபிஎம் (ஒளி பலத்தின் அலகு) பக்கம் இருந்தால் ஒளி மிகவும் பலவீனம், இணைப்பு தள்ளாடத்தான் செய்யும்.

சரி, சிவப்பு எரியவில்லையா? லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகச் செருகிப் பாருங்கள். அதில் ஒழுங்காக வந்தால் கோளாறு வைஃபையில்தான். பழைய கல் சுவர் வீடுகளில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அடுத்த அறைக்கே திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், வேகம் குறையும், ஆனால் அடிக்கடி அறுபடாது.