மகனை ஓர்கன் பட்டறைக்கு அனுப்புங்கள்

ஜேர்மனியில் வசிக்கும் தந்தையொருவர் எழுதியிருக்கிறார். அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடிக்கப்போகும் மகன், காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் தேவாலய வாத்தியமான ஓர்கனே கதியென்று கிடக்கிறானாம். லண்டன் பெரியப்பாவோ மருத்துவம், இல்லையென்றால் சட்டம் என்று தினமும் தொலைபேசியில் நெருக்குகிறாராம்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பெரியப்பாவின் பேச்சு முந்நூறு ஆண்டுப் பழசு. இசையமைப்பாளர் ஹேண்டலின் தந்தைக்கும் மகனைச் சட்டம் படிக்கவைக்கத்தான் ஆசை. 1702-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹேண்டல், மறு ஆண்டே ஹாம்பர்க் இசைநாடக அரங்கில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் காலத்து இன்னொரு இசையமைப்பாளர் டெலிமானின் தாய் வாத்தியங்களையே பறித்துவைத்தார். சட்டம் படிக்க லைப்சிக் போன அந்த மகன், 1702-இல் அங்கே மாணவர் இசைக்குழு ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

அதற்காக உங்கள் மகனை இசையமைப்பாளர் ஆக்கச் சொல்லவில்லை. லைப்சிக்கில் காற்று நன்றாக இருந்தால் சாவு குறைந்து, இறுதிச்சடங்கு வருமானம் போய்விடுகிறது என்று 1730-இல் நண்பருக்குப் புலம்பியவர், அங்கே தேவாலய இசைக்குப் பொறுப்பாயிருந்த இசைமேதை சாட்சாத் பாக்.

உங்கள் மகன் வாசிப்பதைவிட ஓர்கனுக்குள் ஏறிக் குழாய்களைப் பார்ப்பதில்தான் நேரம் போக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஓர்கன் கட்டும் தொழில்தான். மூன்றரை ஆண்டு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. பட்டறையில் வேலை, லுட்விக்ஸ்பர்க் தொழிற்பள்ளியில் பாடம். வெள்ளீயத்தையும் ஈயத்தையும் உருக்கித் தகடாக வார்த்து, உருட்டிப் பற்றவைத்துக் குழாய் செய்வார்கள். பத்து மீட்டர்க் குழாயும் உண்டு, பென்சிலைவிடச் சிறியதும் உண்டு. துருத்திக்குத் தோல் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு குழாயின் வாயையும் கத்தியால் மயிரிழை சீவிக் குரலைத் திருத்த வேண்டும். கைக்குச் சமமாகக் காதும் உழைக்கிற வேலை. புது ஓர்கனைச் சோதிக்கப் போனால், பாக் முதலில் எல்லாக் குழாய் வரிசைகளையும் திறந்து முழு வீச்சில் வாசிப்பாராம், அதன் நுரையீரல் எப்படி என்று பார்க்க.

2017-இல் யுனெஸ்கோ இக்கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, ஜேர்மனியில் ஏறத்தாழ 400 பட்டறைகள் இருந்தன. அவற்றில் தொழில் பயின்றுகொண்டிருந்தவர்கள் 180 பேர்தான்.

பெரும் பணம் புரளாது, உண்மை. ஆனால் கல்விக் கட்டணம் கிடையாது; பயிலும்போதே மாதச் சம்பளம் வரும். கிழக்கு ஐரோப்பாவில் காசு கட்டி மருத்துவம் படிக்கவைக்கச் சீட்டுப் பணம் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எடுக்காதீர்கள். இரத்தத்தைக் கண்டால் அவனுக்குத் தலைசுற்றும் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

வரும் விடுமுறையில் இரண்டு வாரம் பிராக்டிகும் (வேலை அனுபவப் பயிற்சி) கேட்டுப் பக்கத்துப் பட்டறைகளுக்கு அவனே விண்ணப்பம் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.