ஆடிக்கு முன் அச்சாரம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நானும் வீட்டுக்காரரும் பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். இப்போதுதான் முதல்முறையாகச் சொந்த வீடு பார்க்கிறோம். வண்ணார்பேட்டையில் ஐந்து செண்டில் ஒரு வீடு படிந்து வந்திருக்கிறது. 2009-ல் கட்டியது. விலை 48 லட்சம். இடத்தை 1994-ல் வாங்கிய பெரியவர் 2016-ல் காலமாகிவிட்டார். மூத்த மகன்தான் பேசுகிறார். அவருக்கு அம்மா, ஒரு தம்பி, இரண்டு தங்கைகள். ஒரு தங்கை பம்பாயில். "எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க, அது என் பொறுப்பு" என்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. ஆடி பிறந்தால் பேச்சு நின்றுவிடும், அதற்குள் ஐந்து லட்சம் அச்சாரம் கொடுங்கள் என்று தரகர் நெருக்குகிறார். பத்திரத்தில் 35 லட்சம் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் செலவு குறையும் என்றும், என் பெயரில் பதிந்தால் சலுகை உண்டு என்றும் சொல்கிறார். கையில் 11 லட்சம் இருக்கிறது. கொடுக்கலாமா?

செ., பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

கொடுக்க வேண்டாம். வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வாரம், இந்த ஒருவர் கையில் ஐந்து லட்சம் வேண்டாம் என்கிறேன். ஆடியைக் காட்டித் தரகர் பயமுறுத்துகிறார். ஆடியில் நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்றால் ஊரில் வேறு யாரும் வந்து வாங்கிவிடப் போவதில்லை. தாள்களைப் புரட்டிப் பார்க்க உங்களுக்கு ஒரு மாதம் சும்மா கிடைக்கிறது.

முதலில் அந்தச் 'சுத்தமான' வில்லங்கம். வில்லங்கச் சான்று சொல்வது ஒன்றுதான்: இந்தச் சர்வே எண்ணில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை, இன்னின்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒருவர் செத்துப்போனது அதில் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் அது பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கென்று உள்ள 3-ஆம் புத்தகத்தில் இருக்கும், வில்லங்கத்தில் தெரியாது. உங்கள் வீட்டுக்கு 1994-க்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை என்றால், பெரியவர் போன பிறகு குடும்பத்தில் பாகப்பிரிவினையோ, ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இன்றுவரை பதியவில்லை என்று அர்த்தம். அதாவது வில்லங்கம் சுத்தமாக இருப்பதற்குக் காரணமே சொத்து பிரியாமல் கிடப்பதுதான்.

நீங்கள் எந்த எண்ணை வைத்துத் தேடினீர்கள் என்றும் பாருங்கள். மாநகராட்சி எல்லைக்குள் பழைய சர்வே எண் ஒன்று இருக்கும், நகர நில அளவையில் கொடுத்த வார்டு, பிளாக், டி.எஸ். (நகர சர்வே) எண் ஒன்று இருக்கும். ஒன்றில் பதிவான பத்திரம் இன்னொன்றில் தேடினால் வராமல் போகலாம். இரண்டுக்கும் தனித்தனியாக, 1975-லிருந்து போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் அதுவரை கிடைக்கும்.

இனி ஆட்கள். பெரியவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. "1989-க்கு முந்திக் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று பத்திர ஆபீஸ் வாசலில் யாராவது சொல்வார்கள். அது பூர்வீகச் சொத்தைப் பற்றி எழுந்த பேச்சு. அங்கேயும் 2005 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கு 1956-லிருந்தே சமபங்கு.

எல்லாரும் மறக்கும் ஒருவர் பாட்டி. பெரியவர் இறந்த 2016-ல் அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு, பாகம் ஆறாகும். பாட்டி பிறகு இறந்திருந்தால் அந்தப் பங்கு பெரியவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் போகும். பத்து வருஷம் கழித்து ஓர் அத்தை வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது இப்படித்தான். ஆகவே இரண்டு இறப்புச் சான்று கேளுங்கள், பெரியவருடையதும் பாட்டியுடையதும். வாரிசுச் சான்று எந்த வருஷம் வாங்கியது என்றும் பாருங்கள். பாட்டி போன பிறகு வாங்கியிருந்தால் அவர் பெயர் அதில் விடுபட்டிருக்கலாம். கிறித்தவக் குடும்பம் என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, பாட்டிக்குப் பங்கில்லை. கணக்கு மாறும், அம்மாவும் நான்கு பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டியது மாறாது.

மூத்தவர் மட்டும் கையெழுத்திட்டு அச்சாரம் வாங்கினால் அவர் உங்களுக்கு விற்கக்கூடியது தன் ஐந்தில் ஒன்றைத்தான். "என் பொறுப்பு" என்பதற்குப் பத்திரத்தில் மதிப்பில்லை. அச்சாரம் கொடுப்பதானால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட்ட கிரய உடன்படிக்கையின் பேரில், பதிவு செய்து, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். யாராவது ஒருவர் பின்வாங்கினால் இத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வரவேண்டும் என்று ஒரு வரி இருக்கட்டும். பம்பாய்த் தங்கை தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் பவரை வைத்து முடிக்கலாம் என்பார்கள். முடியும்தான். ஆனால் அந்தப் பவர் முறைப்படி எழுதியதா, எழுதிக்கொடுத்தவர் பதிவு நாளில் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கே நேர் ரயில் இருக்கிறது. ஆவணியில் ஒருதடவை வந்து போகச் சொல்வது எல்லாருக்கும் மலிவு.

பணக்கணக்கு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. 48 லட்சத்துக்கு 4,32,000. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை உள்ள கடனுக்கு வங்கி தரக்கூடியது சொத்து மதிப்பில் 80 விழுக்காடு, அதாவது 38,40,000. பதிவுச் செலவை வங்கி இந்த மதிப்பில் சேர்க்காது. ஆக உங்கள் கையிலிருந்து 9,60,000-மும் 4,32,000-மும், மொத்தம் 13,92,000 வேண்டும். தரகு, வக்கீல், வங்கியின் அடமானப் பதிவு தனி. 11 லட்சம் போதாது. வங்கி மதிப்பீட்டாளர் 48-க்குக் கீழே மதிப்புப் போட்டால் இடைவெளி இன்னும் கூடும். மாடியில் அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை ஏதும் இருந்தால் அவர் அப்படித்தான் போடுவார்.

தரகர் சொன்ன வழியில் போனால்? 35 லட்சத்துக்குப் பதிவுச் செலவு 3,15,000. மிச்சம் 1,17,000. ஆனால் வங்கி 35-ஐத்தான் பார்க்கும். 30 லட்சம் வரையான கடனுக்கு 90 விழுக்காடு வரை உண்டு என்றாலும் அந்த வரம்பே 30 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. மீதி 18 லட்சத்தை நீங்கள் புரட்ட வேண்டும், அதில் 13 லட்சம் கணக்கில் வராத ரொக்கம். பதிவுச் செலவோடு 21,15,000. பின்னாளில் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 35 என்றே நிற்கும். அந்த 13-க்கும் சேர்த்து லாபவரி கட்டுவீர்கள். இடம் வீடு சம்பந்தமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதே வருமானவரிச் சட்டத்துக்கு விரோதம். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவது உண்மை, 2025 ஏப்ரலிலிருந்து. அது 10 லட்சம் வரையான சொத்துக்கு. உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பெயரையும் சேர்த்துப் பதிவது நல்லதுதான், அது வேறு விஷயம்.

1994 பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கேயோ கடனுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அசலில் முத்திரைத்தாள் இருக்கும், தாள்களின் பின்புறம் சார்பதிவாளர் முத்திரையும் கையெழுத்தும் பத்திர எண்ணும் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை எழுதிய பகுதியில், சொன்ன அளவை நாடா பிடித்தும் பார்க்க வேண்டும். ஐந்து செண்டு என்றால் 2,178 சதுர அடி. 36-க்கு 58 இருந்தால் 2,088 தான். 90 சதுர அடி பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளோ தெருவிலோ போய்விட்டது. பட்டாவின் அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், கிரயத்துக்கு முன்னால் சர்வேயரை வைத்து அளந்து, தரையில் உள்ளதையே பத்திரத்தில் எழுதுங்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. உங்களுக்கென்று ஒருவரைத் தனியாக வையுங்கள்.

வண்ணார்பேட்டை என்பதால் கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி அந்தப் பக்கம் வீடுகளுக்குள் வந்துபோனது. அதற்கு முன் 1992 நவம்பரிலும் பெருவெள்ளம். இந்த வீட்டில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை, சுவரிடம் கேட்க வேண்டும். அவர் தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்; பக்கத்து வீட்டுக்காரர் அடித்திருக்க மாட்டார். அந்தச் சுவரில் பழுப்புக் கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளே மரக்கதவுகளின் அடியை விரல் நகத்தால் கீறுங்கள். ஊறியது பொதபொதவென்று இருக்கும். பிளக் பாயிண்டுகள் எல்லாம் இடுப்புக்கு மேலே புதிதாக ஏறியிருக்கின்றனவா, பீரோ நின்ற இடத்தில் சுவர் உப்புப் பூத்திருக்கிறதா, ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து தார்சா (வீட்டின் முன்கூடம்) தெருவைவிடத் தாழ்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். முழங்கால் அளவு என்றால் விலையில் பேசலாம். கோடு ஜன்னலைத் தாண்டியிருந்தால் தெற்கே பெருமாள்புரம் பக்கம் தேடுங்கள்.