டெஸ்க்டாப்பில் யார் வைத்த ஷார்ட்கட்?

கேள்வி: அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடையில் 14,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கினோம். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். யார் கணக்கைத் திறந்தாலும் டெஸ்க்டாப்பில் அதே ஏழெட்டு ஷார்ட்கட்டுகள் நிற்கின்றன. மகள் ஒன்றை அழிக்கப் போனபோது என் பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்து அழித்தால், என் திரையிலும் அது காணாமல் போய்விட்டது. கடைக்காரர் ‘வைரஸ்தான், ஃபார்மட் செய்ய 800 ரூபாய் ஆகும்’ என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அத்தனையும் விண்டோஸ் எப்போதும் நடந்துகொள்ளும் விதம்தான்.

திரையில் ஒன்றாகத் தெரியும் டெஸ்க்டாப் உண்மையில் இரண்டு ஃபோல்டர்களின் கூட்டு. ஒன்று உங்கள் பெயரில் இருப்பது. அதில் வைப்பது உங்களுக்கு மட்டும் தெரியும். இன்னொன்று பொதுவானது. சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் ‘பப்ளிக்’, அதற்குள் ‘பப்ளிக் டெஸ்க்டாப்’. இதில் இருப்பது அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருடைய திரையிலும் வந்து நிற்கும். கூட்டுக் குடும்பத்தில் அவரவர் அறை ஒன்று, திண்ணை ஒன்று என்பதுபோலத்தான். திண்ணையில் இருப்பதை எடுத்தால் எல்லோருக்கும்தான் இல்லாமல் போகும். அதனால்தான் எடுப்பதற்கு முன் நிர்வாகியின் அனுமதியைக் கேட்கிறது. உங்கள் மகளிடம் கேட்டதும் அந்த அனுமதியைத்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஷார்ட்கட் ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘லொகேஷன்’ வரியைப் படியுங்கள். அதில் ‘பப்ளிக்’ என்று இருந்தால் பொதுச்சொத்து. உங்கள் கணக்கின் பெயர் இருந்தால் உங்களுடையது. அதே பக்கத்தில் அளவையும் பாருங்கள், ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். ஷார்ட்கட் என்பது நிரல் எங்கே இருக்கிறது என்று காட்டும் விலாசச் சீட்டு, அவ்வளவுதான். சீட்டைக் கிழித்தால் வீடு இடிந்துவிடாது. 2023 ஜனவரி 13 அன்று மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் தவறான அப்டேட் ஒன்று பல அலுவலகங்களில் ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த ஷார்ட்கட்டுகளைத் துடைத்துவிட்டது. மென்பொருளே போய்விட்டது என்று ஊழியர்கள் பதறினார்கள். நிரல்கள் அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மகளுக்கு வேண்டாத ஷார்ட்கட் உங்களுக்கு வேண்டுமென்றால், பொது ஃபோல்டரிலிருந்து ‘கட்’ செய்து உங்கள் டெஸ்க்டாப்பில் ‘பேஸ்ட்’ செய்துகொள்ளுங்கள். பொது ஃபோல்டர் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ மெனுவில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்தால், மங்கலான நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

வைரஸைவிட வேறொன்றை நீங்கள் பார்க்க வேண்டும். அதே ‘யூசர்ஸ்’ ஃபோல்டரில் உங்கள் மூவரையும் ‘பப்ளிக்’கையும் தவிர, முன்பின் தெரியாத யாருடைய பெயரிலாவது ஃபோல்டர் இருக்கிறதா? (மங்கலாகத் தெரியும் ‘டிஃபால்ட்’ விண்டோஸுக்குச் சொந்தமானது, அதைத் தொடாதீர்கள்.) இருந்தால், பழைய அலுவலகத்தின் கணக்கைக்கூட நீக்காமல் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த நிலையில் ஃபார்மட் தேவைதான்; ஆனால் ‘புதுப்பித்தது’ என்று சொல்லி விற்றவர் அதை இலவசமாகச் செய்து தர வேண்டும். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தையும் பார்த்துவிடுங்கள், விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பிறகு என் பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. சர்வீஸ் கடையில் ‘டேட்டா ரெக்கவரி’ என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஃபார்மட் செய்து வெறும் டிரைவைக் கொடுத்துவிட்டார்கள். பில் தரவில்லை. ஜிபேயில்தான் பணம் அனுப்பினேன்.
– வாசகி, திருச்சி

பதில்: முதல் வாசகரின் வீட்டுக்கு வராத வைரஸ் உங்களுக்கு வந்திருக்கிறது. இது பழைய பாவி. பென் டிரைவில் இருக்கும் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை நிறுத்திவைக்கும். திறப்பதாக நினைத்து நீங்கள் டபுள் கிளிக் செய்தால் வைரஸ்தான் ஓடும். அது உங்கள் கணினியிலும் ஏறி, அடுத்துச் செருகும் பென் டிரைவுக்காகக் காத்திருக்கும். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்: திரையில் சில கேபி ஷார்ட்கட்டுகள்தான் தெரியும், பயன்படுத்திய இடம் மட்டும் 11 ஜிபி என்று காட்டும்.

இதைச் சரிசெய்ய சர்வீஸ் கடைகளில் ‘அட்ரிப்’ என்ற ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டுவார்கள். அரை நிமிட வேலை. கட்டளை தெரியாதவர்களும் செய்யலாம். முதலில் ஆன்டிவைரஸால் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘பாதுகாக்கப்பட்ட இயங்குதள ஃபைல்களை மறை’ என்று பொருள்படும் ஆங்கில வரியின் டிக்கை எடுங்கள். விண்டோஸ் ஒருமுறை எச்சரிக்கும், சம்மதியுங்கள். இப்போது உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். இந்த வைரஸின் சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் திணித்து வைத்திருக்கும். வெற்றிடம்போல் தெரியும் அதையும் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களைக் கணினியில் ஒரு புதிய ஃபோல்டருக்கு நகலெடுத்த பிறகுதான் ஃபார்மட். வேலை முடிந்ததும் எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சி டிரைவில் கைவைக்கக் கூடாத எதையாவது யாராவது அழிப்பார்கள்.

உங்கள் கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். அந்தப் பென் டிரைவில் இனி எதையும் பதியாதீர்கள். அவர் செய்தது விரைவு ஃபார்மட் என்றால், ரெக்கவரி மென்பொருளால் பெரும்பகுதியை மீட்க வாய்ப்பு இருக்கிறது. புதிதாக எதையாவது பதிந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பணத்தைப் பற்றி: ரெக்கவரிக்கென்று வாங்கிய பணத்துக்கு ரெக்கவரி நடக்கவில்லை, உங்களைக் கேட்காமல் அழித்தும் இருக்கிறார்கள். இது சேவைக் குறைபாடு. பில் தராததையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஜிபே பதிவு பணம் கொடுத்ததற்குச் சான்றாகும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கு மேலும் போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் 1,500 ரூபாய்க்காக ஆணையத்தின் படி ஏறி இறங்குவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் 1915 வரை போவேன்.

கேள்வி: 512 ஜிபி என்று விற்ற லேப்டாப்பில் 475தான் காட்டுகிறது. மீதியை மறைத்து வைத்து ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் என்று கணக்கிடுகிறது. 512ஐ அப்படி மாற்றினால் 476.8 வரும். 1 டிபி 931 ஆகும். மீதி ஒன்றிரண்டு ஜிபி, கணினியைத் தொடங்கவும் பழுதானால் மீட்கவும் ஒதுக்கிய மறைவான பகுதிகள். ‘சும்மா கிடக்கிறது’ என்று யாராவது அழித்துத் தருவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இடம் ஒரு ஜிபி கிடைக்கும், மீட்கும் வசதி போய்விடும்.

கேள்வி: பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாவற்றையும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். போதுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: போதாது. உங்கள் பெயரிலான ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’ என்று மறைந்திருக்கும் ஒன்று இருக்கிறது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், போய்வந்த தளங்களின் பட்டியல், உள்நுழைந்தபடியே இருக்கும் கணக்குகளின் தடம் எல்லாம் அங்கேதான். வாங்குகிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்தாலே உங்கள் மின்னஞ்சல் திறந்துகொண்டால்?

தேவையானதை நகலெடுத்துக்கொண்டு, பிரவுசரிலிருந்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு செட்டிங்ஸ், ‘ரெக்கவரி’, ‘ரீசெட் திஸ் பிசி’. ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் பக்கங்களில் ஒன்றில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதைத் திறந்து ‘கிளீன் டேட்டா’ என்பதை இயக்குங்கள். இதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம், சார்ஜரைச் செருகிவையுங்கள். ‘கொடுங்கள் சார், கடையில் நாங்களே ஃபார்மட் செய்துகொள்கிறோம்’ என்பார்கள், நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். முடிந்ததும் எந்த நாடு என்று கேட்கும் முதல் பக்கம் வரும். எதையும் தேர்ந்தெடுக்காமல், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, அப்படியே கொடுங்கள்.