இரண்டு பில்களையும் கட்டுங்கள், மூன்றாவது கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது), மில்பிடாஸ் நகரத்தில் வசிக்கிறோம். 2025 மார்ச் மாதம் 15 லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்கினோம். முந்தைய உரிமையாளர் அந்த வீட்டில் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் பெயரில் வரி மதிப்பு 4,20,000 டாலர்தான் இருந்ததாம். வங்கி மாதத் தவணையோடு வரிக்கும் சேர்த்துப் பிடிக்கிறது. அக்டோபரில் வந்த ஆண்டு வரி பில் சுமார் 5,500 டாலர். அதை வங்கி பார்த்துக்கொண்டது. இந்த 2026 ஜனவரியில் கவுண்டியிலிருந்து மேலும் இரண்டு பில்கள் வந்திருக்கின்றன. ஒன்று சுமார் 3,200 டாலர், மற்றொன்று சுமார் 12,900 டாலர். இது ஏமாற்று வேலையா? எங்களோடு அப்பா (68), அம்மா (64) இருக்கிறார்கள். கிரீன் கார்டு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவின் பெயரைப் பத்திரத்தில் சேர்த்தால் மூத்த குடிமக்களுக்கான வரி விலக்கு கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். சேர்க்கலாமா? ‘உங்கள் பத்திர நகலைப் பெற நூறு டாலர் அனுப்புங்கள்’ என்றும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. இவ்வளவு வரி வாங்கும் கவுண்டி எங்களுக்கு என்னதான் செய்கிறது?

பதில்: உங்கள் இரண்டு பில்களும் உண்மையானவை. வங்கி அவற்றைக் கட்டாது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு: நீங்கள் இந்தப் பதிலை முழுவதும் படிக்காமல் போனாலும், பிப்ரவரி கடைசிக்குள் முதல் தவணை போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கலிஃபோர்னியாவின் சொத்து வரி 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ‘புரொபசிஷன் 13’ என்ற சட்டத்தின் மேல் நிற்கிறது. அடிப்படை வரி, கவுண்டி வீட்டுக்கு வைக்கும் மதிப்பில் 1 சதவீதம். அதோடு வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான சிறு சதவீதமும் சேரும். மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கை மாறினால் அன்றைய சந்தை விலைக்கு மதிப்பு தாவும். அதனால்தான் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டி 3,000 டாலரும் நீங்கள் 18,000 டாலரும் கட்டுகிறீர்கள். இது நியாயமா என்று அரை நூற்றாண்டாக அங்கே சண்டை நடக்கிறது. அதில் நான் இறங்கவில்லை.

இப்போது உங்கள் கணக்கு. கவுண்டி ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 அன்று வீடு யார் பெயரில், என்ன மதிப்பில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. 2025 ஜனவரி 1 அன்று அந்த வீடு பழைய உரிமையாளருடையது. ஆகவே 2025 ஜூலையில் தொடங்கிய வரி ஆண்டுக்கான பில், அவருடைய பழைய மதிப்பிலேயே அச்சாகி உங்கள் வீட்டுக்கு வந்தது. 5,500 டாலர்தானா என்று நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். உங்களுடைய 15 லட்சத்துக்கும் அவருடைய 4,20,000-க்கும் இடையே இருக்கும் 10,80,000 டாலர் வித்தியாசத்தைக் கவுண்டி மறக்கவில்லை. அதற்கான வரியைத் தனி பில்லாகப் பிறகு அனுப்புகிறது. இதற்குத்தான் சப்ளிமெண்டல் பில் என்று பெயர்; தமிழில் ‘துணை வரி’ என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் பகுதியில் மொத்த விகிதம் சுமார் 1.2 சதவீதம் என்று கொண்டால், அந்த வித்தியாசத்துக்கு ஓர் ஆண்டு வரி 12,960 டாலர். நீங்கள் மார்ச்சில் வாங்கியதால் ஏப்ரல் 1 முதல் கணக்கு. ஏப்ரல், மே, ஜூன் என மூன்று மாதங்களுக்கு, அதாவது கால் பங்குக்கு, 3,240 டாலர். இது முதல் பில். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான முழு ஆண்டு வித்தியாசம் இரண்டாவது பில். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வீடு வாங்குபவர்களுக்கெல்லாம் இப்படி இரண்டு பில்கள் வரும். ஜூனிலோ அதற்குப் பின்போ வாங்கியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். வாங்கிய விலை பழைய வரி மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் கவுண்டி பணத்தைத் திருப்பியும் தரும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட பாக்கியசாலியை நான் அதிகம் பார்த்ததில்லை.

துணை வரி பில் வீட்டுக்காரருக்குத்தான் வரும். வங்கிக்கு நகல் போகாது. ‘மாதாமாதம் வங்கி பிடிக்கிறதே’ என்று பில்லை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். ஜனவரியில் அஞ்சலில் போட்ட துணை பில்லின் முதல் தவணைக்கு பிப்ரவரி இறுதியும், இரண்டாவதற்கு ஜூன் 30-உம் கெடு. பில்லில் அச்சிட்டிருக்கும் தேதியை ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் 10 சதவீத அபராதம். உங்கள் இரண்டு பில்களின் முதல் தவணை மட்டும் சேர்ந்து சுமார் 8,000 டாலர். அப்படியென்றால் அபராதம் 800 டாலர். ‘பில் கிடைக்கவில்லை’ என்ற காரணத்தையும் அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

பெரிய அடி இனிமேல்தான் விழப்போகிறது. 2026 அக்டோபரில் வரும் வழக்கமான பில் உங்கள் முழு மதிப்பில் வரும். 2 சதவீதம் ஏறினால் மதிப்பு 15,30,000. வரி 18,000 டாலருக்கு மேல். வங்கி இதுவரை ஆண்டுக்கு 5,500 என்ற கணக்கில் பிடித்து வந்திருந்தால், திடீரென்று மாதத் தவணையை ஆயிரம் டாலருக்கு மேல் கூட்டும். பற்றாக்குறையையும் சேர்த்துப் பிடிக்கும். இப்போதே மாதம் 1,100 டாலரைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கத் தொடங்குங்கள். வங்கியை அழைத்து, வரியைப் புதிய மதிப்பில் கணக்கிட்டுப் பிடிக்கச் சொல்வதும் நல்லதுதான்.

குறைக்க வழி உண்டா? சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்கு மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. வரியில் அது சுமார் 70 டாலர்தான் மிச்சமாக்கும். பல பத்தாண்டுகளாக அந்தத் தொகையை யாரும் ஏற்றவில்லை. இருந்தாலும் ஒருமுறை விண்ணப்பித்தால் அந்த வீட்டில் இருக்கும்வரை தொடரும். பிப்ரவரி 15-க்குள் கொடுத்தால் முழுக் கழிவு, டிசம்பர் 10-க்குள் கொடுத்தால் 80 சதவீதம். கட்டணம் எதுவும் இல்லை. குடும்பத்தோடு ஒருநாள் மதிய உணவுக்கு ஆகும் பணத்தை ஒரே ஒரு படிவம் ஆண்டுதோறும் தருகிறது என்றால் ஏன் விட வேண்டும்?

இதைவிடக் கனமான வழி, விலை இறங்கும்போது மதிப்பைக் குறைக்கக் கேட்பது. ஜனவரி 1 அன்று உங்கள் வீட்டின் சந்தை விலை வரி மதிப்பைவிடக் குறைந்திருந்தால், அந்த ஆண்டுக்கு மட்டும் குறைந்த மதிப்பில் வரி போடக் கேட்கலாம். அதே தெருவில், அதே அளவில், அந்தத் தேதியை ஒட்டி விற்ற வீடுகளின் விலையை ஆதாரமாக வையுங்கள். மதிப்பீட்டு அலுவலகத்திடம் இலவசமாகவே கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் மறுத்தால் முறையான மேல்முறையீடு உண்டு. உங்கள் கவுண்டியில் அதற்கான காலம் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை. நீங்களே உச்ச விலையில் வாங்கியிருக்கிறீர்கள், அதனால் இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ‘குறைத்துத் தருகிறோம், மிச்சமாவதில் பங்கு கொடுங்கள்’ என்று வருகிற நிறுவனங்கள் செய்வதும் இதே வேலைதான்.

கூட்டாட்சி வருமான வரியில் நீங்கள் செலவுகளைத் தனித்தனியாகக் கழிப்பவர் என்றால், துணை வரியும் மதிப்பின் அடிப்படையில் வருவதால் கழிவுக்குத் தகுதியானது. மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 10,000 டாலராக இருந்த உச்சவரம்பு 2025-இல் 40,000 ஆனது; அந்த ஆண்டுக்குக் கணவன், மனைவி சேர்ந்த வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் அது படிப்படியாகச் சுருங்கியது.

அடுத்து, நண்பரின் யோசனை. அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை. பில்லின் கீழ்ப்பகுதியில், மதிப்போடு தொடர்பில்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று சில நிலையான வரிகள் இருக்கும். பெரும்பாலும் பள்ளி மாவட்டத்துக்கானவை. அவற்றில் பலவற்றுக்கு 65 வயதைத் தாண்டிய, அங்கேயே குடியிருக்கும் உரிமையாளருக்கு விலக்கு உண்டு. விண்ணப்பத்தைக் கவுண்டியிடம் கொடுத்தால் நடக்காது. அந்தந்தப் பள்ளி மாவட்டத்திடம் கொடுக்க வேண்டும். 18,000 டாலர் பில்லில் இந்த விலக்கு சில நூறு டாலரைத் தாண்டாது. முக்கிய வரியான அந்த 1 சதவீதத்தில் வயதுக்கென்று கழிவே கிடையாது.

இந்தச் சில நூறு டாலருக்காக அப்பாவைப் பத்திரத்தில் சேர்ப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. வீட்டில் ஒரு பங்கை அப்பாவுக்குக் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் அன்பளிப்பு. 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் அன்பளிப்புப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். கடன் கொடுத்த வங்கி கேள்வி கேட்கலாம். கை மாறிய பங்கை மறுமதிப்பீடு செய்யக்கூடாது என்றால் பெற்றோர்-பிள்ளை விலக்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் நிபந்தனைகள் 2021 பிப்ரவரி முதல் கடுமையாகிவிட்டன. நாளை அப்பாவின் காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கில் ஊரிலிருக்கும் உங்கள் உடன்பிறப்புகளுக்கும் உரிமை எழலாம். மில்பிடாஸ் வீட்டுக்கு மன்னார்குடியில் பாகப்பிரிவினை பேச வேண்டுமா? சேர்க்காதீர்கள்.

கவுண்டி என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பில் அனுப்புவது கவுண்டியே தவிர, பணம் முழுவதும் அதன் கைக்குப் போவதில்லை. உங்கள் கவுண்டியில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போகிறது. மீதியில் கவுண்டி, நகரம், சிறப்பு வாரியங்கள் பங்கு போடுகின்றன. நம் ஊரில் ஆட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், அரசுத் தலைமை மருத்துவமனை, சிறைச்சாலை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம் நடத்தினால் எப்படியோ, அதுதான் கவுண்டி. சாண்டா கிளாரா கவுண்டி மருத்துவமனைகளை மூட விடாமல் விலைக்கு வாங்கியே நடத்துகிறது: 2019-இல் இரண்டு, 2025-இல் சான் ஹோசேயில் இன்னொன்று. உங்களுக்குத் தேவைப்படாதவரை இது கண்ணில் படாது.

கண்ணில் படுபவையும் உண்டு. உங்கள் நகரத்து நூலகம் கவுண்டி நூலக மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய பள்ளிக் கட்டடத்தை இடிக்காமல் உள்ளே வைத்துக் கட்டிய அழகான நூலகம். பிள்ளைகளுக்குப் புத்தகம், மின்னூல், இணைய வகுப்பு என்று நீங்கள் தனியாகப் பணம் கட்டும் சந்தாக்களில் சிலவற்றை அந்த நூலக அட்டை இலவசமாகத் தரக்கூடும். முதலில் அங்கே பார்த்துவிட்டுச் சந்தாவை நீட்டித்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட், பேட்டரி, பூச்சிமருந்து போன்றவற்றை முன்பதிவு செய்து கவுண்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் வீடுகளிலிருந்து வருவதற்குப் பணம் கேட்பதில்லை.

பெற்றோர் விஷயத்தில்தான் பெரிய பணம் இருக்கிறது. 65 வயதானாலும், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்த பிறகே, இங்கு வேலை செய்யாத ஒருவர், மூத்தவர்களுக்கான கூட்டாட்சி மருத்துவக் காப்பீடான மெடிகேரை மாதக் கட்டணம் கட்டி வாங்க முடியும். அப்பாவுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை தனியார் காப்பீடா, குறைந்த வருமானத்தினருக்கு மாநிலம் தரும் மருத்துவக் காப்பீடான மெடி-கால் திட்டமா என்பதுதான் கேள்வி. மெடி-கால் விண்ணப்பத்தைக் கவனிப்பது கவுண்டியின் சமூக சேவைப் பிரிவு. 2024, 2025 ஆண்டுகளில் சொத்து வரம்பு இல்லாமல் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் மூத்தவர்களுக்கு அது திரும்பிவிட்டது: ஒருவருக்கு 1,30,000 டாலர், தம்பதிக்கு 1,95,000. ஊரிலிருக்கும் வைப்புத்தொகை, வாடகை, ஓய்வூதியம் எதையும் மறைக்காதீர்கள். பெற்றோரை அழைக்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஆதரவு உறுதிமொழி இன்னும் உங்கள் கழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். நான் வழக்கமாக அப்படிச் செலவு செய்யச் சொல்கிறவன் இல்லை, இங்கே சொல்கிறேன்.

இதற்கெல்லாம் அலையாமல் நாளைக்கே கிடைப்பது ஒன்று: 60 வயதைத் தாண்டியவர்களுக்கான மதிய உணவுத் திட்டம். கவுண்டி பணம் தருகிறது, மூத்தோர் மையங்கள் நடத்துகின்றன. வருமானச் சான்று கேட்பதில்லை. விரும்பினால் சிறு நன்கொடை போடலாம். சில மையங்களில் இந்திய சைவச் சாப்பாடே போடுகிறார்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பின் நாள் முழுவதும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச நாலு பேர் கிடைப்பார்கள். டாலரில் அதற்கு மதிப்புப் போட எனக்குத் தெரியாது.

பத்திர நகல் கடிதத்துக்கு வருகிறேன். வீடு பதிவான சில வாரங்களில் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அரசு முத்திரை போல ஒரு வட்டம், கெடு தேதி, கீழே பொடி எழுத்தில் ‘இது அரசு நிறுவனம் அல்ல’ என்ற வாசகம். உங்கள் மூலப் பத்திரம் பதிவானதும் அஞ்சலில் வந்திருக்கும். கடன் கோப்பில் தேடுங்கள். காணவில்லை என்றால் கவுண்டியின் பதிவு அலுவலகத்தில் பக்கத்துக்குச் சில டாலரில் நகல் தருவார்கள். கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். பதற்றத்தில் துணை வரி பில்லையும் சேர்த்துக் கிழித்துவிடாதீர்கள்.