எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்: கேளுங்கள், சொல்கிறேன்

கணினி பழுது பார்ப்பது என் தொழில். கலங்கிய முகத்தோடு கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடுதான் வருகிறார்கள். அவர்களில் பலர் கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் இழப்பே நேர்ந்திருக்காது. அதனால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு திருமணப் புகைப்படக் கலைஞர்: மூன்று வருடப் படங்களை 4 டி.பி. டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன். இனி நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. நீங்கள் செய்தது பேக்கப் அல்ல. படங்கள் முன்பு லேப்டாப்பில் மட்டும் இருந்தன, இப்போது டிஸ்க்கில் மட்டும் இருக்கின்றன. பிரதி அன்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான். சொல்லப்போனால் ஆபத்து கூடியிருக்கிறது. லேப்டாப்பை யாரும் பையின் ஓரத்தில் செருகி மண்டபத்துக்கு மண்டபம் எடுத்துப்போவதில்லை, டிஸ்க்கை அப்படித்தான் எடுத்துப்போகிறோம்.

இந்த வாரமே இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுங்கள். உங்கள் தொழிலைச் சேர்ந்த பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்ற விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு இடத்தில். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் ஏறியபோது, தரைத்தள வீடுகளில் கணினியும் அதே அறை அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே மூழ்கின. ஒரு டிஸ்க்கை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். கேமராவின் மெமரி கார்டையும், இரண்டு இடங்களில் நகல் இருப்பதைப் பார்த்த பிறகே அழியுங்கள். தாலி கட்டும் நேரத்தை மறுபடியும் படம் பிடிக்க முடியாது.

கல்லூரி மாணவர்: அண்ணா, 1 டி.பி. என்று வாங்கினேன், விண்டோஸில் 931 ஜி.பி.தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. தயாரிப்பாளர் ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டி.பி. என்கிறார். விண்டோஸ் அதையே 1024ஆல் மூன்று முறை வகுத்து ஜி.பி.யாகக் காட்டுகிறது. கொள்ளளவு குறையவில்லை.

உண்மையான ஏமாற்று வேறு. 16 டி.பி. டிஸ்க் ஓரிரண்டாயிரம் ரூபாய் என்று இணையத்தில் விளம்பரம் வந்தால் வாங்காதே. உள்ளே சிறிய மெமரி கார்டை வைத்து, பெரிய கொள்ளளவைக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிஜக் கொள்ளளவு நிரம்பிய பிறகு நீ போடும் கோப்புகளின் பெயர் மட்டும் தெரியும், உள்ளடக்கம் இருக்காது. சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடு.

வீட்டில் விண்டோஸும் அலுவலகத்தில் மேக்கும் வைத்திருப்பவர்: எந்த ஃபார்மட் நல்லது?

எக்ஸ்ஃபேட். ஃபார்மட் என்பது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. எக்ஸ்ஃபேட்டை இரண்டு கணினிகளும் படிக்கும், எழுதும். விண்டோஸின் வழக்கமான முறையான என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது. பழைய ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால், நடந்ததைச் சரிசெய்துகொள்ள அதனிடம் குறிப்பேடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் முறைப்படி ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை போய்விடும், முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு கணக்காளர்: ஐயா, டிஸ்க்கை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருக்கிறேன். தினமும் இரவு பேக்கப் தானாக ஓடுகிறது. போதுமா?

தானாக ஓடுவது நல்லது. எப்போதும் செருகியிருப்பதுதான் கவலை. பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் கணினிக்குள் நுழைந்தால், இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை அப்படிப்பட்டதுதான். இரண்டு டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக மாற்றிச் செருகுங்கள். மற்றது அலமாரியில், மின்சாரத் தொடர்பே இல்லாமல் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேற்றைய பேக்கப்பின் மேலேயே இன்றையதை எழுதுகிறீர்களா? அப்படியானால் கெட்டுப்போன கோப்பு நல்ல கோப்பை விழுங்கிவிடும், அது உங்களுக்குத் தெரிய ஒரு மாதம்கூட ஆகலாம். தேதியிட்ட ஃபோல்டர்களில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் ‘ஃபைல் ஹிஸ்டரி’ வசதியும் பழைய வடிவங்களைக் காப்பாற்றி வைக்கும். ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. வாடிக்கையாளர்களின் கணக்கும் உங்கள் பொறுப்பில் இருப்பதால் ஒற்றை டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: டிஸ்க் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. செருகினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கணினியில் தெரியவில்லை. காலமான அப்பாவின் குரல் பதிவுகள் அதில்தான் இருக்கின்றன, சார்.

அம்மா, முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இன்னொருமுறை செருகிப் பார்க்கும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம்.

உள்ளே கண்ணாடி போன்ற தட்டுகள் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. தட்டைப் படிக்கும் முனை அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் அந்த முனை சேதமாகியிருக்கலாம். டிக் டிக் என்பது பெரும்பாலும், அது தன் இடத்தைத் தேடித் தோற்றுத் திரும்பும் சத்தம். இந்த நிலையில் ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டில் கீறல் விழக்கூடும். கீறிய இடத்தில் இருந்த பதிவை யாராலும் மீட்க முடியாது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள், ஈரம் படிந்து நிலைமை மோசமாகும். மீட்பு மென்பொருள் எதையும் ஓட விடாதீர்கள். அவை தவறுதலாக அழித்த கோப்புகளுக்கானவை, உடைந்த முனைக்கானவை அல்ல.

தகவல் மீட்பையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். தூசியற்ற அறையில் திறப்பார்களா, மீட்காவிட்டால் கட்டணம் உண்டா, மீட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுவதற்கு முன் காட்டுவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். செலவு ஆயிரங்களில் தொடங்கும். சாதாரணக் கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள், என் கடையானாலும் சரி. மீண்டு வருவதை வேறொரு புதிய டிஸ்க்கில் வாங்குங்கள், அன்றே இன்னொரு நகலும் எடுங்கள். பதிவுகளை எப்போதாவது வாட்ஸ்அப்பில் உறவினர் யாருக்காவது அனுப்பியிருந்தீர்களா என்றும் விசாரியுங்கள். அப்படிச் சிலருக்குக் கிடைத்திருக்கிறது.

சத்தம் எதுவும் இல்லாமல், விழவும் இல்லாமல், வெறுமனே தெரியாமல் போன டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு: முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்தத் தட்டையான கேபிள் சீக்கிரம் பழுதாகும். பிறகு வேறு யு.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். நெடுங்காலம் வைக்க எஸ்.எஸ்.டி. வாங்கலாமா?

ஐயா, உங்கள் வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கே ஏற்றது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது, சிப்பில்தான் தகவல் இருக்கும். அதனால் அது வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது, மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும். சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை, எழுதி எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டுக் காலத்தைத்தான் கேட்கிறது. புதிதென்றால் அதைவிட நெடுநாள் தாங்கும், இருந்தாலும் அலமாரியில் மறந்து வைக்கும் பொருள் அல்ல அது.

ஹார்ட் டிஸ்க்குகளை இரண்டாக வாங்குங்கள், முடிந்தால் வெவ்வேறு நிறுவனத்தில். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இதழ்களைத் திறந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். கோப்பின் பெயர் தெரிகிறது என்பது கோப்பு நலமாக இருப்பதற்குச் சான்றல்ல. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் காத்திருக்காமல் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். எச்சரிக்கை வராவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள்.

கடவுச்சொல் போட வேண்டாம். எந்த டிஸ்க்கில் எந்த இதழ், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள்ளேயே வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள்.