தட்டு சுற்ற 18 லட்சமா?

கே: ரிட்டயர்மென்ட் பணத்தில் நல்ல ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்க ஆசை. அப்பா விட்டுப்போன எல்பி 200 இருக்கிறது, பெரும்பாலும் கர்நாடக இசை. ஒரு ஷோரூமில் 18 லட்ச ரூபாய் டர்ன்டேபிளில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். மெய்சிலிர்த்துவிட்டது. வீட்டில் மனைவி பேசுவதில்லை. அந்த விலைக்கு நியாயம் உண்டா? (நங்கநல்லூர் வாசகர்)

ப: நான் உங்கள் மனைவி கட்சி.

டர்ன்டேபிளுக்கு மூன்றே வேலை. தட்டை நிமிடத்துக்கு 33⅓ முறை சீராகச் சுற்றவேண்டும். மோட்டாரின் அதிர்வு முள்ளை எட்டக் கூடாது. முள்ளைத் தாங்கும் கை தட்டுத்தடுமாறாமல் நகரவேண்டும். இந்தச் சீரான சுற்றல் 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளிலேயே முடிந்த கதை. வேகத்தில் ஏற்ற இறக்கம் 0.025 சதவீதம் என்று கம்பெனி அப்போதே அச்சிட்டது.

இப்போது அப்பாவின் ரெக்கார்டை எடுங்கள். நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முள் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும்போது சுருதி அரை சதவீதம் மேலும் கீழும் ஆடும். நாகஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தில் நீளமாக நின்றால் உங்களுக்கே கேட்கும். டெக்னிக்ஸின் குறை இதன் பக்கத்தில் கூட வராது. 18 லட்சம் கொடுத்தாலும் துளை நகருமா? அந்தக் கோணலை அளந்து தானே சரிசெய்யும் டர்ன்டேபிளை நாகமிச்சி கம்பெனி 1980களில் செய்தது. விலையில் வானத்தைத் தொடும் மற்றவற்றில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே போகவில்லை.

அப்படியானால் 18 லட்சம் எங்கே போகிறது? ரெக்கார்டு உட்காரும், பாறை மாதிரி கனமான சுழல்தட்டு, லேத்தில் மணிக்கணக்காகக் கடைந்த உலோகம், வருடத்துக்குச் சில எண்ணிக்கையே செய்வதால் ஏறும் அடக்கவிலை, சுங்கவரி, ஜிஎஸ்டி, டீலர் கமிஷன். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தங்கக் கைக்கடிகாரமும் இதே கணக்குதான், அதுவும் மணிதான் காட்டும். பணம் மிதமிஞ்சி இருப்பவர் வாங்கி வைத்து அழகு பார்க்கட்டும். பி.எஃப். பணத்தில் வேண்டாம்.

மெய்சிலிர்த்தது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறையில் ஸ்பீக்கர் என்ன விலை, ஆம்ப்ளிஃபையர் என்ன விலை என்று கேட்டீர்களா? பாட்டு அவர்களுடையதா, உங்களுடையதா? டெமோ என்றாலே எனக்கு ஆத்திரம் வரும். இரண்டு கருவிகளில் ஒன்றை ஒரு நூல் சத்தமாக வைத்தால் போதும், காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். சத்தத்தைச் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நான் நாலு ஷோரூமில் கேட்டேன். நாலிலும் காபிதான் வந்தது.

காது எவ்வளவு நம்பகமானது என்பதற்கு மொபைல் ஃபிடெலிட்டி கதை ஒன்றே போதும். இந்த அமெரிக்க கம்பெனியின் ரெக்கார்டுகள் மூல நாடாவிலிருந்து டிஜிட்டல் கலப்பில்லாமல் வெட்டியவை என்று நம்பி, ரசிகர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். பல ஆண்டுகளாக அவற்றில் நிறைய தட்டுகளில், மூல நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு டிஜிட்டல் நகல் இருந்தது 2022இல் வெளியே வந்தது. டிஜிட்டல் வாடையே ஆகாது என்று டர்ன்டேபிளில் லட்சங்களைக் கொட்டியவர்கள் அதுவரை அதே தட்டுகளைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார்கள். குட்டை உடைத்தது அவர்கள் காது இல்லை, ஒரு ரெக்கார்டு கடைக்காரர் கிளப்பிய விவகாரம்.

சரி, என்ன வாங்கலாம்? 5,000 ரூபாய் பிளேயருக்கும் 50,000 ரூபாய் பிளேயருக்கும் வித்தியாசம் மலையும் மடுவும். ஒரு லட்சம் வரை போனாலும் காசுக்குப் பலன் தெரியும். இரண்டு, மூன்று லட்சம் தாண்டினால் என் காதுக்கு எட்டியதைவிடக் கண்ணுக்கு எட்டியதே அதிகம். ஒரு லட்சத்துக்குள் பிளேயரை முடித்துக்கொண்டு, நல்ல கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), மாற்று முள் (வைர முள்ளுக்கும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம்தான் ஆயுள்), முள்ளைச் சரியாகப் பொருத்தித் தரும் ஆள், இவற்றுக்குச் செலவு செய்யுங்கள். மீதி பேங்கில் கிடக்கட்டும். வீட்டிலும் பேச்சு திரும்பும்.

கே: டர்ன்டேபிளுக்கு 60,000 ரூபாய் பவர் கேபிள் போட்டால் ஒலி தெளியுமா? (அண்ணா நகர்)

ப: தெளியாது.

கே: அமெரிக்காவில் மகன் இருக்கிறான். அங்கே பழைய டர்ன்டேபிள் பாதி விலை. கொண்டுவரச் சொல்லலாமா? (வேளச்சேரி)

ப: நானும் சொன்னேன். மச்சினர் பெட்டியில் துணிக்குள் சுற்றி, பத்திரமாகக் கொண்டுவந்தார். 110 வோல்ட். அது தெரிந்துதான் ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்திருந்தேன், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு. போட்டால், ஐந்து கட்டையில் பாடவேண்டிய பாடகி மூன்று கட்டையில் பாடினார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60, இங்கே 50. அந்த ரக ஏசி மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். ஆக நிமிடத்துக்கு 33⅓ போய் 28 சுற்றுக்கும் குறைவு. அது இப்போது அலமாரி மேல் பூச்சாடி தாங்குகிறது. மகனிடம் மோட்டார் ஏசியா டிசியா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

கே: 2,999 ரூபாய்க்கு ஆன்லைனில் சூட்கேஸ் பிளேயர் வாங்கினேன். முள் குதித்தது. மேலே ஒரு நாணயத்தை செலோடேப்பில் ஒட்டினேன், நின்றுவிட்டது. ஆனால் பாட்டு வரவர மங்குகிறது. என்ன காரணம்? (தாம்பரம்)

ப: நீங்கள்தான். நல்ல பிளேயரில் முள் இரண்டு கிராம் அளவில்தான் அழுத்தும். இந்த ரகத்தில் ஏற்கெனவே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், அதற்கும் மேல் நாணயம். பாட்டுக் கேட்கவில்லை ஐயா, ஏர் உழுகிறீர்கள். வாங்குமுன் ஒரு ஐந்து நிமிடம் படித்திருக்கலாம்.

கே: 1,35,000 ரூபாய்க்கு 'புத்தம் புதிது' என்று வாட்ஸ்அப்பில் எழுதி ஒரு கடையில் டர்ன்டேபிள் விற்றார்கள். வீட்டில் பிரித்தால் தட்டில் கீறல், முள் தேய்ந்திருக்கிறது. டெமோ பீஸ் என்று மெக்கானிக் சொல்கிறார். கேட்டதற்கு, பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். சேமிப்பு எல்லாம் அதில்தான் போட்டேன். (பெரம்பூர்)

ப: தைரியமாக இருங்கள் அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. பில்லில் அச்சடித்த வரி சட்டத்தைவிடப் பெரிதல்ல. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்றோடு அதை ஓட்டுவதை நிறுத்துங்கள். கீறல், முள், சீரியல் எண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் பிரம்மாஸ்திரம். மெக்கானிக்கிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பக் கேட்டுக் கடைக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரும் பதியுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டு வருடம் கெடு இருக்கிறது, ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கே: மழைக்காலத்தில் ரெக்கார்டில் பூஞ்சை. தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கலாமா? (திருவல்லிக்கேணி)

ப: தலைக்குத் தடவுங்கள். ரெக்கார்டுக்கு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், மென்மையான துணி. நடு லேபிளில் ஈரம் படவேண்டாம். கனமான பழைய 78 தட்டாக இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.